பாதியில் நின்ற கூடு

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் வயலூர் போகும் பேருந்தில் ஏறுங்கள். பிஷப் ஹீபர் கல்லூரியைத் தாண்டி, கட்டடங்கள் குறைந்து, நெல்வயல் கண்ணுக்குத் தென்படும் இடத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். உய்யக்கொண்டான் வாய்க்கால் ஊரை ஒட்டி ஓடுவதால் ஒரு காலத்தில் புத்தூருக்கு வெகு அருகிலேயே வயல்கள் இருந்தன. இப்போது சற்றுத் தூரம் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வரப்பு ஓரத்துப் பனையையோ, கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் கருவேல மரத்தையோ அண்ணாந்து பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரே மரத்தில் இருபது முப்பது தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கக் காண்பீர்கள்.

பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். கூடுகளை எண்ணுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பது புலப்படும். சில கூடுகள் சுரைக்குடுக்கை போல வயிறு பருத்து, கீழே நீண்ட குழல் தொங்க, முழுமையாக இருக்கும். வேறு சில, தலைக்கவசத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டதுபோல அடியில் திறந்தபடி, குறுக்கே ஒரு பட்டையுடன் பாதியிலேயே நின்றுபோயிருக்கும். பள்ளியில் படித்த நாட்களில் இப்படிப்பட்ட கூடு ஒன்று கீழே விழுந்து கிடந்ததை எடுத்து நான் தொப்பியாக அணிந்துகொண்டதுண்டு. கச்சிதமாகப் பொருந்தாவிட்டாலும் தொப்பி என்று சொல்லத் தடையில்லை!

இவ்வளவு நேர்த்தியாக நெய்யத் தெரிந்த குருவி, சில கூடுகளை மட்டும் ஏன் பாதியில் விட்டுவிடுகிறது?

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு விடை கிடைக்கும். "அது ஆண் குருவி ஊஞ்சலாடக் கட்டியது" என்பார் ஒருவர். "பெண் குருவி முட்டையில் உட்கார்ந்திருக்கும்போது ஆண் குருவி மழைக்கு ஒதுங்கும் இடம்" என்பார் மற்றொருவர். இவற்றை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. குறுக்கே ஓடும் அந்தப் பட்டையின்மேல் ஆண் குருவி உட்கார்ந்து ஆடுவதை எவரும் காணலாம். கண்டது உண்மை, அதற்குச் சொன்ன காரணம்தான் பிசகு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலேயப் பறவை நூலாரும் ஏறக்குறைய இதே விளக்கத்தைத்தான் ஏற்று, இவற்றுக்கு "சேவற்கூடு" என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். சரியான விடை கிடைக்க 1930ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விடையைக் கண்டவர் அப்போது வேலையில்லாத ஒரு மனிதர்.

மின்மினி விளக்கும் களிமண்ணும்

அவரிடம் போகுமுன் அதற்கு முந்திய கதையைச் சிறிது பார்ப்போம். இந்தப் பறவையைப் பற்றி அச்சில் வந்த பழைய குறிப்புகளுள் ஒன்று ஓர் இந்தியர் எழுதியது. தில்லியைச் சேர்ந்த அத்தர் அலி கான் என்பவர் எழுதியதை, கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, கழகத்தின் ஆய்விதழின் இரண்டாம் தொகுதியில் 1790இல் வெளியிட்டார். பழக்கிய தூக்கணாங்குருவி, ஆழமான கிணற்றில் மோதிரத்தைப் போட்டால் அது தண்ணீரைத் தொடுமுன் பாய்ந்து பிடித்து வரும் என்று அத்தர் அலி கான் எழுதுகிறார். இரவில் கூட்டுக்கு வெளிச்சம் வேண்டி, மின்மினிப் பூச்சியைப் பிடித்து ஈர மண்ணில் ஒட்டி வைக்கும் என்ற நம்பிக்கையையும் குறிப்பிடுகிறார். நம் பாட்டிமார் சொன்ன அதே கதைதான். ஆனால் அதை அவர் அப்படியே விழுங்கிவிடவில்லை. அந்த வெளிச்சத்தால் குருவிக்கு என்ன பயன், அது பூச்சியைத் தின்பதற்காகத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று ஐயம் கிளப்புகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒருவரிடம் இந்த ஐயம் இருந்தது பெரிய விஷயம்.

மின்மினி ஒருபுறம் இருக்கட்டும். மண் இருப்பது மெய். கூட்டின் உட்புறத்தில் களிமண்ணோ சாணமோ அப்பியிருக்கும். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1862 முதல் 1864 வரை மூன்று பகுதிகளாக வந்த தமது இந்தியப் பறவைகள் நூலில், தாம் பிரித்துப் பார்த்த ஒரு கூட்டில் ஆறு இடங்களில் களிமண் இருந்ததாகவும், மொத்த எடை ஏறத்தாழ 3 அவுன்சு என்றும் எழுதினார். அதாவது சுமார் 85 கிராம். குருவியின் எடையோ 30 கிராமுக்கு மேல் போகாது. தன்னைப்போல் மூன்று மடங்கு மண்ணை அலகில் சுமந்து வந்து அப்பியிருக்கிறது! காற்றில் கூடு தாறுமாறாக ஆடாமல் இருக்க இந்தப் பாரம் உதவுகிறது என்பது ஜெர்டனின் கருத்து. இலங்கையில் பறவைகளை ஆராய்ந்த லேயார்டோ, அலகைத் தீட்டிக்கொள்ளத்தான் மண் என்றார். 1973இல் கூட டி. ஏ. டேவிஸ் என்ற அறிஞர் தூக்கணாங்குருவியின் மண் பூச்சைப் பற்றியே தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார் என்றால், இந்தச் சிறு மண்ணுருண்டை எத்தனை பேர் மண்டையைக் குடைந்திருக்கிறது பாருங்கள்.

இப்பறவையின் விஞ்ஞானப் பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1766இல் லின்னேயஸ் இதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் பெயரைச் சூட்டினார். அந்த நாட்டுக்கும் இதற்கும் சொந்தமில்லை. இது இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியப் பகுதிகளின் பறவை. தவறு பின்னால் தெரிந்தது. என்றாலும் ஒருமுறை வைத்த விஞ்ஞானப் பெயரை எளிதில் மாற்றலாகாது என்ற விதியால், நம் வயலோரக் குருவி இன்றும் பிலிப்பைன்ஸ் பெயரையே சுமந்து திரிகிறது.

ஒரு மழைக்காலத்து விடுமுறை

சலீம் அலி என்ற பெயரை நீங்கள் அறிவீர்கள். 1896இல் பிறந்து 1987இல் மறைந்த, இந்தியப் பறவையியலின் தலைமகன். ஆனால் 1930இல் அவர் புகழ் பெற்றவர் அல்லர். பம்பாய் அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவில் விளக்கவுரையாளராக இருந்த அவர், விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வந்து பார்த்தால் அவர் வகித்த பதவியே இல்லை. பணமில்லை என்று அதை எடுத்துவிட்டிருந்தார்கள். நகர வாழ்க்கை கட்டுபடியாகாத நிலையில், அவரும் மனைவி தெஹ்மினாவும் பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால், அலிபாக் அருகே கிஹிம் என்னும் கடலோரக் கிராமத்தில் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டில் போய்த் தங்கினர்.

மழைக்காலம் தொடங்கியது. வீட்டுக்கு அருகிலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டங்கூட்டமாக வந்து கட்டத் தொடங்கின. வேலை தேடி அலைந்த மனிதருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது! சம்பளம் மட்டும் இல்லை. மறைவிடம் அமைத்துக்கொண்டு, எந்தக் கூடு எவ்வளவு வளர்ந்தது, யார் வந்தார், யார் போனார் என்று நாள்தோறும் குறித்துவந்தார்.

அவருக்கு முன்னே வந்தவர்கள் இதைச் செய்யவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் கூட்டைப் பறித்து எடுத்துப் பார்த்தார்கள்; அளந்தார்கள்; நிறுத்தார்கள்; முட்டையைச் சேகரித்தார்கள். அருங்காட்சியகத்துக்கு அது போதும். ஆனால் இந்தப் புதிருக்கு விடை கூட்டுக்குள் இல்லை. கூட்டைச் சுற்றி வாரக்கணக்கில் நடக்கும் நடவடிக்கையில் இருந்தது.

அவர் கண்டது

முதலில் வருபவை ஆண் குருவிகள் மட்டுமே. மற்றக் காலங்களில் ஊர்க்குருவி போல மங்கிய நிறத்தில் இருக்கும் ஆணுக்கு, இனப்பெருக்கக் காலத்தில் உச்சந்தலையில் பளிச்சென்று மஞ்சள் ஏறும், முகம் கருமையாகும். பெண்ணுக்கு இந்த மாற்றம் எதுவும் இல்லை.

ஆண் குருவி நெற்பயிரின் ஓலையில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, அதைக் கவ்வியபடி பறக்கும். ஓலை நார்போலக் கிழிந்து கூடவே வரும். 20 முதல் 60 செண்டிமீட்டர் நீளமுள்ள இந்த நாரைக் கிளையில் சுற்றி முடிந்து, அதிலிருந்து ஒரு வளையம் தொங்கவிடும். வளையத்தின்மேல் நின்றுகொண்டே கூரையை நெய்யும். சுமார் எட்டு நாட்களில் கூடு தலைக்கவச நிலைக்கு வந்துவிடும். களிமண் பூசுவதும் இந்த நிலையில்தான்.

இங்கே வேலை நிற்கிறது. ஏன்?

பெண் குருவிகள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. உடனே காலனி முழுவதும் அமளிப்படுகிறது. ஒவ்வோர் ஆணும் தன் பாதிக்கூட்டில் தொங்கியபடி சிறகடித்துக் கத்துகிறது. பெண் ஒரு கூட்டுக்குள் நுழைகிறது; அலகால் இழுத்துப் பார்க்கிறது; பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடுகிறது. வீடு பார்க்க வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்களே, அதே தோரணை. ஒரு கூடு அதற்குப் பிடித்துவிட்டால் அங்கேயே தங்கிவிடும். இணை சேர்வதும் அதன் பிறகே. அதற்கப்புறம் ஆண் குருவி மளமளவென்று மீதி வேலையை முடிக்கிறது; முட்டையறையை மூடி, நுழைகுழலை நெய்து தொங்கவிடுகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை பதினெட்டு நாட்கள். ஏறத்தாழ ஐந்நூறு முறை நார் சுமக்க வேண்டும். உள்ளே மெத்தை போடுவது பெண். இரண்டு முதல் நான்கு வெள்ளை முட்டைகள். 14 முதல் 17 நாட்கள் அடைகாப்பது பெண் மட்டுமே.

ஆணோ? அதே மரத்தில் மற்றொரு வளையத்தை முடியத் தொடங்கியிருக்கும்! அடுத்த கூடு, அடுத்த பெண். காலமும் மழையும் ஒத்துழைத்தால் இரண்டு, மூன்று குடும்பங்கள் வரை ஏற்படும். ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் இதனைத் தொடர்முறைப் பலதாரம் எனலாம்.

எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காமற்போன கூடு? அதுதான் பாதியில் நின்ற கூடு. ஊஞ்சலும் அன்று, குடையும் அன்று. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்று போய்விட்ட வீடு.

1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் சலீம் அலியின் கட்டுரை வெளிவந்தது. வேலையில்லாமல் கழிந்த ஒரு மழைக்காலம் அவருக்கு உலகப் பறவையியலில் இடம் வாங்கித் தந்தது. குரங்குக்குப் புத்தி சொன்ன தூக்கணாங்குருவியின் கதையை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். ஆண்தான் கட்டுகிறது என்றால், வீடு கட்டிக்கொள் என்று உபதேசித்த அந்தக் குருவி, கைவசம் மூன்று வீடு வைத்திருந்த ஓர் ஆணாக இருந்திருக்க வேண்டும்!

விராலிமலை மயிலும் வயலோரக் குருவியும்

இந்தக் கண்டுபிடிப்பின் முழு அருமை விளங்க, சற்றுப் பின்னே போக வேண்டும். திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில் விராலிமலையில் மயில்களைப் பார்த்திருப்பீர்கள். ஆண்மயிலின் தோகை பறப்பதற்கு இடைஞ்சல். பகைவர் கண்ணில் எளிதில் படும். உயிர்பிழைக்க உதவாத இந்த உறுப்பு எப்படி வளர்ந்தது என்ற கேள்வி சார்லஸ் டார்வினை மிகவும் வருத்தியது. 1871இல் வெளியிட்ட நூலில் அவர் விடை சொன்னார்: பெண்மயில் தலைமுறை தலைமுறையாக அழகிய தோகையைத் தேர்ந்தெடுத்ததால் தோகை வளர்ந்தது. இதற்குப் பாலினத் தேர்வு என்று பெயர்.

பலர் இதை ஏற்கவில்லை. இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒரே சமயத்தில் கண்ட வாலஸே இதை மறுத்தார். பறவைப் பெண் ஒன்று பார்த்து, எடைபோட்டு, தேர்ந்தெடுக்கும் என்பதை அக்காலத்து அறிஞர் பலரால் நம்ப முடியவில்லை. தோகை மயிலை எத்தனை நாள் பார்த்தாலும், பெண்ணின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று எப்படி நிரூபிப்பது?

தூக்கணாங்குருவி இந்த இடத்தில்தான் நமக்குக் கைகொடுக்கிறது. இங்கே பெண்ணின் தீர்ப்பு மரத்தில் எழுதித் தொங்குகிறது. முழுக் கூடு என்றால் சம்மதம். பாதிக் கூடு என்றால் மறுப்பு. கிளையில் எண்ணிக் கணக்குப் போடலாம். ஆண் காட்டுவது தோகையை அன்று, தன் உழைப்பை. ஆப்பிரிக்க ஊர்த் தூக்கணாங்குருவியை நெடுங்காலம் ஆராய்ந்த கொலையாஸ் தம்பதியர், அங்கே பெண்கள் பச்சை மாறாத புதுக்கூட்டையே விரும்புவதையும், வாடிப்போன கூட்டை ஆண் தானே பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி கட்டுவதையும் கண்டார்கள்.

அப்படியானால் நம் தூக்கணாங்குருவி எதைப் பார்த்துச் சம்மதிக்கிறது? நெசவின் நேர்த்தி என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். 2006இல் சுஹேல் குவாடர் என்ற இந்திய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு என் எண்ணத்தை மாற்றியது. கைவேலை ஓரளவு கணக்கில் சேரும். ஆனால் அதைவிடக் கூடு தொங்கும் இடமே பெண்ணுக்கு முக்கியம். உயரமான கிளையா, முள்மரமா என்பன முதலில் வருகின்றன. குஞ்சைக் காகமும் பாம்பும் எட்டாத இடம் வேண்டுமே! எவ்வளவு கெட்டிக்கார நெசவாளியானாலும், இடம் தவறினால் ஐந்நூறு முறை பறப்பதற்கு வாய்ப்பே கிடைக்காது.

தகப்பன் ஏன் தங்குவதில்லை?

காகத்தைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடு கட்டி, சேர்ந்தே குஞ்சுக்கு இரை ஊட்டுகின்றன. தூக்கணாங்குருவி ஆண் மட்டும் ஏன் அடுத்த கூட்டுக்குப் போகிறது? இந்தக் கேள்வியைத் திறமையாகக் கேட்டவர் ஜான் கிரூக் என்ற ஆங்கிலேயர். 1960இல் நம் தூக்கணாங்குருவியைப் பற்றி எழுதிய அவர், 1964இல் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள சுமார் 90 வகை நெசவுக் குருவிகளை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். அதில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. காட்டுக்குள் பூச்சி பிடித்து வாழும் வகைகளில் பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தனித்து வாழ்கின்றன. இரண்டும் ஒரே நிறம். இரண்டும் குஞ்சைப் பேணுகின்றன. திறந்த வெளியில் விதை தின்று வாழும் வகைகள் காலனியாகக் கூடு கட்டுகின்றன; ஆணுக்குப் பல துணைகள்; பளிச்சென்ற நிறமும் ஆணுக்குத்தான்.

காரணம் வயிற்றில் இருக்கிறது. காட்டில் பூச்சி சிதறிக் கிடக்கும். தாய் ஒருத்தி தேடினால் குஞ்சுக்குப் போதாது. தகப்பன் விலகினால் குடும்பம் அழியும். வயலில் மழைக்குப் பின் உணவு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. தாய் தனியாகவே சமாளித்துவிடுவாள். தகப்பனுக்கு அடுத்த கூடு கட்ட ஓய்வு கிடைக்கிறது. நெற்பயிர் கூட்டுக்கு நாரும் தருகிறது. குடும்ப முறையையும் வகுத்துவிடுகிறது. சூழ்நிலையும் உணவும் சேர்ந்து விலங்குகளின் இல்லற முறையைத் தீர்மானிக்கின்றன என்ற இன்றைய நடத்தைச் சூழலியலின் ஆரம்ப நூல்களில் கிரூக்கின் அந்த ஆய்வும் ஒன்று.

வயலை விட்டு அடுத்த தாமரைக் குளத்துக்குப் போனால் காட்சி தலைகீழ். அங்கே இலைமேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியில், பெண் ஓர் ஆணிடம் முட்டைகளை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆணை நாடிப் போகிறது. அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் தகப்பன். குயிலோ கூடே கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறது. ஒரே ஊரின் எல்லைக்குள் இத்தனை வகைக் குடும்பங்கள்! இவற்றுள் எது ஒழுக்கம் என்று நம் அளவுகோலால் தீர்ப்புச் சொல்லப் புகுந்தால், உயிரியலும் விளங்காது, ஒழுக்கமும் விளங்காது.

நீங்களும் எண்ணிப் பார்க்கலாம்

சலீம் அலிக்குத் தேவைப்பட்டவை ஒரு மறைவிடமும், குறிப்பேடும், ஒரு பருவ கால நேரமும்தான். உங்கள் ஊர்க் குருவிகளைக் கவனிக்க உங்களுக்கும் அவையே போதும். மரத்தில் ஏறவோ கூட்டைத் தொடவோ வேண்டாம். வாரம் இருமுறை ஒரே மரத்தடிக்குப் போய், வளையம் எத்தனை, தொப்பி எத்தனை, குழல் விட்டவை எத்தனை என்று எழுதி வாருங்கள். எந்தத் திசையில், எந்த உயரத்தில் இருந்த தொப்பிக்குக் குழல் முளைத்தது என்பதையும் குறியுங்கள். மரத்தின் பெயரை மறக்காதீர்கள். பனை குறைந்துவரும் ஊர்களில் இக்குருவிகள் மின்கம்பியிலும் தொங்கவிடத் தொடங்கிவிட்டன. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது குருவிகளுக்காக அல்ல என்றாலும், அவற்றுக்கும் அது நல்ல செய்தியே.

பருவம் முடிந்து குருவிகள் போன பிறகு கீழே விழுந்து கிடக்கும் கூட்டை எடுத்துப் பிரிக்கலாம், தவறில்லை. களிமண் இருந்தால் பிரித்தெடுத்து நிறுத்துப் பாருங்கள். ஜெர்டன் கண்ட 85 கிராமுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று தெரிந்துகொள்ளலாம். மரத்தில் எஞ்சியிருக்கும் கூட்டைக் கைவிட்ட வீடு என்று எண்ணி விட்டுவிடாமல் சற்று நேரம் காத்திருங்கள். குழல் வழியே வெளியே எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு சில்லைக் குருவியாக இருக்கும். வாடகை இல்லாத வீடு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்!